பாதிக்கூடு

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது
சிகரெட் வாடை. அப்புறம்தான் கிட்டார்.
செர்ரிச் சிவப்பு என்று தொழிற்சாலை சொன்ன நிறம்
இப்போது அறுத்து வைத்த தர்பூசணி.
விரல்காப்புத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன்.
அதன் நிழலில் மட்டும்
அறுபதாம் ஆண்டு இன்னும் வெளுக்கவில்லை.

"எவ்வளவு போகும்?" என்றாள் வெர்லீன் ப்யூரிஃபாய்.
டொலீடோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்,
சீருடையோடே வந்திருந்தாள்.
கூரை ஒழுகுகிறதாம்.
அப்பா போய் ஏழு வாரம்.

மதிப்புப் போடுவதென்றால் குற்றம் எண்ணுவது.
முறுக்காணிகள் மாற்றியவை: கழி.
அதிர்வுக் கைப்பிடி இருந்த இடத்தில் துளைகள்,
யாரோ முத்துச்சிப்பிப் பொட்டு வைத்து அடைத்திருக்கிறார்கள்: கழி.
கழுத்து முறியவில்லை. நல்லவேளை.

பிக்கப் இரண்டும் பிறந்த நாளிலிருந்து அதே இடத்தில்.
கவிழ்த்தால் அடியில் ஒரு கறுப்பு ஒட்டுத்தாள்:
காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.
அந்தத் தாளுக்காகவே வீட்டை அடகு வைக்கிற ஆட்கள் உண்டு.
கலமசூவில் சுருள் சுற்றிய பெண்கள்
எண்ணிச் சுற்றவில்லை என்பார்கள்.
நிறைந்த மாதிரித் தெரிந்தால் நிறுத்துவது,
சாப்பாட்டு மணி அடித்தால் கொஞ்சம் முன்னாலேயே.
என் மீட்டரில் ஒன்று ஏழரை, மற்றது எட்டேகால்.
அந்த முக்காலுக்கு இன்றைக்குப் பெயர்
குணம்.

"இது கட்டையா, கூடா?" என்றாள்.
இரண்டும், என்றேன்.
முழுக்கூடாகச் செய்தார்கள். மேடையில் சத்தம் ஏற்றினால்
ஆம்ப்போடு சேர்ந்துகொண்டு ஊளையிட்டது.
முழுக்கட்டையாகச் செய்தார்கள். ஊளை நின்றது,
மூச்சும் நின்றது என்றார்கள் சிலர்.
ஐம்பத்தெட்டில் நடுவே ஒரு மேப்பிள் கட்டையைச் செருகி
இரண்டு விலாவையும் காற்றுக்கு விட்டார்கள்.
ஊளையை முக்கால்வாசி அடக்கும்.
"எங்கப்பாவும் அப்படித்தான்," என்றாள்.
சிரிக்கவில்லை.

பல் டாக்டரின் கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டேன்,
உள்ளே ஒட்டிய சீட்டின் எண்ணைப் படிக்க.
எண் தெரியவில்லை. கம்பளி தெரிந்தது.
வளைந்த இடுக்கியால் பிடித்து
நூல் அறாமல், துளையின் விளிம்பு பெயராமல்
கால் மணி நேரம் இழுத்தேன்.

குழந்தைக் காலுறை. மஞ்சள்.
குதிகாலில் வேறு நூலில் ஒரு தையல்.

வழக்கம்தான், என்றேன்.
மிச்ச ஊளைக்கு எதையாவது திணிப்பார்கள்,
கந்தல், பஞ்சு, கைக்கு அகப்பட்டது.
உங்களுடையதாயிருக்கும்.

அவள் அதை உள்ளங்கையில் விரித்து வைத்தாள்.
நடுவிரல் நீளம்கூட இல்லை.
"அவர் இதை வாங்கும்போது எனக்கு ஒன்பது வயசு.
எனக்குப் பின்னால் வீட்டில் பிள்ளை கிடையாது."

பனி வாரும் வண்டி ஒன்று
லக்ரேஞ்ச் தெரு நெடுகச் சுரண்டிக்கொண்டு போனது.
நான் திருப்புளியைத் துடைத்தேன்.
ஏற்கெனவே துடைத்ததுதான்.

"சனிக்கிழமைகளில் ஃபிளின்ட்டில் வாசிப்பார்," என்றாள்,
என்னிடம் அல்ல.
"பெட்ரோல் காசுகூடத் தேறாது என்று அம்மா சத்தம் போடுவாள்.
ஞாயிறு மதியம்தான் வருவார்.
வந்ததும் தூங்குவார்."

பிறகு,
"வேலை செய்கிறதா பாருங்கள்."

வால்வு சூடாகும்வரை இருவரும் நின்றோம்.
குமிழை ஆறில் வைத்து
ஐந்தாம் கம்பியை ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக ஒலித்தது.
அப்புறம் அறையைச் சுற்றிவந்த சத்தம்
காலியாகிவிட்ட விலாவுக்குள் புகுந்தது.
நான் தொடாத கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.
அலமாரியில் திருகாணி டப்பாக்கள் கிடுகிடுத்தன.
ஊளை.

என் கை குமிழுக்குப் போனது.
"இருக்கட்டும்," என்றாள் வெர்லீன்.

காலுறையை எங்கே வைப்பதென்று
சீருடையில் பை பையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.